கரண்ட் போனது, தண்ணீரும் போனது

கஜா புயலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் யார் விசாரித்தாலும் முதலில் இருட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "அவ்வளவு நாள் கரண்ட் இல்லாம எப்படி இருந்தீங்க? ராத்திரியெல்லாம் பயமா இருந்திருக்குமே?" என்பார்கள். இருட்டு எங்களுக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. பொழுது சாயும்போதே சாப்பிட்டு, சீக்கிரம் படுத்து, விடியலுக்கு முன்னால் எழுந்துகொள்ள உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. கடைசி வரைக்கும் பழகாதது தண்ணீர்ப் பாடுதான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் அந்தப் பேச்சு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடை. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் அது. அதற்கு முன்னால் இந்தப் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. ஆற்றுத் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து சேராத வருஷங்கள் கூடக் கூட, நெல் வயல்கள் ஒவ்வொன்றாகத் தென்னந்தோப்புகளாயின. தோப்புக்குத் தோப்பு போர் என்கிற ஆழ்துளைக் கிணறு இறங்கியது. அப்புறம் வீட்டுக்கு வீடும் இறங்கியது. போர் வந்த வீட்டில் கிணற்றுக்கு என்ன வேலை? சில கிணறுகளை மூடினார்கள், சிலவற்றில் குப்பை கொட்டினார்கள். நான் கல்யாணமாகி வந்தபோதே எங்கள் கொல்லைக் கிணறு இருந்த இடத்தில் மாட்டுக் கொட்டகை இருந்தது. அங்கே கிணறு இருந்தது என்பதே பிறகு அத்தை சொல்லித்தான் தெரியும்.

வீட்டில் மாமா, அத்தை, நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள். நான் அரசுப் பள்ளியில் ஆசிரியை. அவர் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். கொழுந்தனார் சிங்கப்பூரில். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள்.

2018 நவம்பர் 15 இரவு முன்னெச்சரிக்கையாகக் கரண்டை நிறுத்தினார்கள். புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது முதலில் வடக்கிலிருந்து அடித்தது. கொஞ்சம் ஓய்ந்தது போல இருந்தது. மாமா மட்டும் "கதவைத் திறக்காதீங்க, திரும்பி அடிக்கும்" என்றார். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலைப் பார்த்தவர் அவர். அவர் சொன்னபடியே தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. முதல் காற்றில் அசைந்து கொடுத்து நின்ற மரங்களெல்லாம் அந்த இரண்டாவது காற்றில்தான் சாய்ந்தன.

விடிந்து பார்த்தால் தோப்புக்குள் போக வழியில்லை. மரத்தின் மேல் மரம். என் கணவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தென்னை இழப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசு கொடுத்தது. வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாகும் என்பது தென்னை வைத்தவர்களுக்குத் தெரியும். அந்தத் துக்கத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதல் சில நாட்களுக்கு எங்கள் குடிதண்ணீரே விழுந்த மரங்களின் இளநீர்தான். பிள்ளைகள் வேண்டிய மட்டும் குடித்தார்கள். அவரால் மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்க முடியவில்லை.

மாடியில் இருந்த ஆயிரம் லிட்டர் டேங்கில் பாதி தண்ணீர் இருந்தது. அது எத்தனை பேருக்கு எத்தனை நாள் வரும் என்று அதற்கு முன் நாங்கள் கணக்குப் போட்டதே இல்லை. குழாயைத் திறந்தால் வரும், தீர்ந்தால் மோட்டார் போடுவோம், அவ்வளவுதான். கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டம் பின்னாளில் அளவு வைத்தது. ஆறு பேருக்கு 330 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்று பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் இருபத்திரண்டு குடம். மாட்டுக்குத் தனி. இது தினமும் ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறி இறங்க வேண்டிய சுமை. இத்தனை வருஷமாக அந்தச் சுமையை மோட்டார் தூக்கிக்கொண்டிருந்தது. அது நின்றதும் சுமை மொத்தமாக எங்கள் மேல் இறங்கியது.

எங்கள் போர் இருநூறு அடிக்கும் மேல். குழாயின் வாய் ஆறு அங்குலம்தான். அதற்குள் வாளி போகாது. கீழே தண்ணீர் இருக்கிறது, கையால் எடுக்க வழியே கிடையாது. வீட்டு இன்வெர்ட்டரை வைத்து மோட்டாரை ஓட்டிவிடலாமா என்று பக்கத்து வீட்டுத் தம்பி முயன்று பார்த்தான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 746 வாட் வேலைதான் செய்கிறது என்றாலும், கிளம்புகிற கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். இரண்டு ஃபேனும் நாலு லைட்டும் எரிகிற இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. போட்ட உடனே கூச்சலிட்டு நின்றுவிட்டது.

அப்புறம் ஜெனரேட்டர் வந்தது. குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, வீட்டு மோட்டாரில் ஒயரைக் கொடுத்து, டேங்கை நிரப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ஒரு டேங்குக்கு 500 ரூபாய் என்று ஆரம்பித்தது. டீசல் கிடைக்காத நாட்களில் கூடியது. மரம் விழுந்து வருமானம் நின்ற வாரத்தில் தண்ணீருக்கு அந்தக் காசு. ஏடிஎம் ஓடவில்லை. கையில் இருந்த நோட்டுதான் பணம். அடுத்த மாச வட்டிக்கு எடுத்து வைத்ததைக் கொடுத்தோம். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தோம் என்று சொல்வதுதான் சரி. கூலி வேலை நின்றுபோன வீடுகளில் அதற்கும் வழியில்லை.

மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. ஆனாலும் அவற்றுக்கு ஏதோ ஒரு மாற்று வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. மிக்ஸி நின்றதும் அத்தை அம்மியைக் கழுவி எடுத்தார். 2011க்குப் பிறகு இந்தப் பக்கத்து வீடுகளில் அரசு கொடுத்த மிக்ஸியும் கிரைண்டரும் வந்து, ஆட்டுக்கல்லெல்லாம் கொல்லைக்குப் போயிருந்தது. எங்களுடையது துணி துவைக்கிற இடத்தில் பாதி புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துக் கழுவி, அத்தை ஒரு கையால் தள்ளியபடி மறுகையால் மாவை ஒதுக்குவதைப் பார்த்து என் மகள் அசந்துபோனாள். "அப்பாயி, நீங்க இதை எப்பவும் செய்யறதில்லையே!" "நீ கேக்கவே இல்லையேடி" என்றார் அத்தை. பத்தாயத்தில் நெல் இருந்தது, மில் ஓடாததால் அரிசி இல்லை. உரலில் குத்தினோம், நிவாரண அரிசி வந்ததும் விட்டோம். கேஸ் அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம். சிலிண்டர் தீர்ந்த பிறகு எரிக்க மட்டையும் பாளையும் ஊர் முழுக்கக் கிடந்தன.

செல்போன் இரண்டே நாளில் செத்துவிட்டது. டவர்களில் இருக்கிற பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும், அதற்கு மேல் டீசல் வேண்டும். மரம் விழுந்து அடைத்த ரோட்டில் டீசல் எங்கே வரும்? முன்பு எங்கள் வீட்டில் தரைவழித் தொலைபேசி இருந்தது. அதற்கான 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்துவிடும், வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசலாம். அதை எப்போதோ திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கொழுந்தனாரின் சிங்கப்பூர் எண் யாருக்கும் மனப்பாடமில்லை. மாமா தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். அதில் எல்லோருடைய எண்ணும் அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. ஒரு சீட்டில் எண்ணையும், "எல்லோரும் நலம். வீட்டுக்கு ஒன்றுமில்லை. தோப்பு போய்விட்டது" என்பதையும் எழுதி, தஞ்சாவூருக்கு பைக்கில் கிளம்பிய பையனிடம் கொடுத்தோம். அவன் சட்டைப் பையில் அப்படி இன்னும் பல சீட்டுகள் இருந்தன. தஞ்சாவூரில் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று ஒவ்வொரு எண்ணுக்கும் கூப்பிட்டுப் படித்துக் காட்டியிருக்கிறான். அவனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது.

செய்திக்கு ரேடியோ இருந்தது. பென்சில் செல் போட்ட சின்ன ரேடியோ, மாமாவுடையது. திருச்சி வானொலி எடுத்தது, எங்கள் பக்கத்துக்கு எப்போதும்போல இலங்கை வானொலியும் எடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருக்கின்றன என்ற கணக்கு வந்தபோதுதான், இது இரண்டொரு நாளில் முடிகிற காரியமில்லை என்பது உறைத்தது.

மாமாவின் இன்சுலின் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் நின்றால் மருந்து கெட்டுவிடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான் பதறாதீர்கள் என்றார். பயன்பாட்டில் இருக்கிற இன்சுலின் 25, 30 டிகிரி வெப்பத்துக்குள் இருந்தால் பொதுவாக நாலு வாரம் வரைக்கும் தாங்கும், வெயில் படாமல் மண்பானையில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து, மேலே நனைத்த துணி. ஆவியாகிற தண்ணீர் சூட்டைக் கொண்டுபோய்விடும். பக்கத்துத் தெருவில் இருந்த இரண்டு சர்க்கரை நோயாளிகளின் மருந்தும் அதே பானையில் வந்து சேர்ந்தது. அந்த மணலை நனைக்கவும் காலையும் மாலையும் ஒரு சொம்பு தண்ணீர் வேண்டியிருந்தது.

சுற்றிச் சுற்றித் தண்ணீரிலேயே வந்து நிற்கிறேன். அப்படித்தான் இருந்தது அந்த நாட்கள்.

பெண்கள் வெளியே சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சில வருஷங்களில்தான் ஊரில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டியிருந்தோம். தண்ணீர் இல்லாமல் கழிப்பறைக்குப் போக முடியாது. ஒரு தடவைக்கு ஒரு வாளி வேண்டும். முன்காலத்தில் இருட்டோடு தோப்பு மறைவுக்குப் போவார்கள். இப்போது தோப்பும் இல்லை. எல்லாம் படுத்துவிட்டதால் தெருவிலிருந்து பார்த்தால் வாய்க்கால் வரைக்கும் தெரிந்தது. பெரிய பெண்பிள்ளைகள் இருந்த வீடுகளில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்தார்கள். என் வகுப்பில் படித்த இரண்டு பெண்களுக்கு அதனாலேயே நீர்க்கடுப்பு வந்தது. நிவாரணப் பட்டியல் எதிலும் இந்த வரி இல்லை.

தண்ணீர் கேட்டுச் சாலை மறியல் நடந்த ஊர்கள் பல. எங்கள் ஊரில் அந்த அளவுக்குப் போகாததற்குக் காரணம் ஒரு அடிபம்பு. அது காலனித் தெருவின் முனையில் இருந்தது.

ஊரில் மொத்தம் நாலைந்து அடிபம்புகள் இருந்தன. மாரியம்மன் கோயில் வாசலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, மற்றவை தெருமுனைகளில். கைப்பிடி இல்லாமல், துருப்பிடித்து, மேலே துணி காயப்போட்டுக் கிடந்தவை அவை. சிலவற்றில் பம்பைக் கழற்றிவிட்டு அதே குழாயில் மோட்டாரை இறக்கி, பக்கத்தில் ஒரு சின்ன டேங்க் வைத்திருந்தார்கள். சிறுமின்விசைப் பம்பு என்று பெயர். அதுவும் கரண்டோடு போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த ஒரே பம்பு காலனியில் இருந்ததுதான். காரணம் எளிது. சொந்தமாகப் போர் போடக் கையில் காசு இருந்தவர்கள் தெருப் பம்பை மறந்துவிட்டோம். காசு இல்லாதவர்கள் தங்களுக்குள் பத்து, இருபது போட்டு, வாஷர் தேயத் தேய மாற்றி, அதை உயிரோடு வைத்திருந்தார்கள்.

அது இந்தியா மார்க் 2 பம்பு. அதைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன், படிக்கப் படிக்க மரியாதை கூடியது. 1970களில் வறட்சி வந்து, ஊர் ஊராகப் போர் போட்டு, மேலே பொருத்திய வார்ப்பிரும்பு பம்புகள் சீக்கிரமே உடைந்துகொண்டிருந்த காலம். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் பக்கம் உருவான ஒரு பம்பின் வடிவத்தை எடுத்து, யுனிசெஃபும் அரசும் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் என்ற அரசு நிறுவனமும் சேர்ந்து செம்மைப்படுத்தினார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஊர்களில் வைத்துச் சோதித்தார்கள். பின்னால் ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் போனது. வீட்டில் வைக்கிற சாதாரண அடிபம்பு காற்றழுத்தத்தை நம்பி உறிஞ்சுவது, ஏழு மீட்டருக்கு மேல் இழுக்காது. மார்க் 2 அப்படியில்லை. அதன் சிலிண்டர் கீழே தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. மேலே கைப்பிடியை அழுத்தினால் சங்கிலியும் கம்பியும் கீழே பிஸ்டனைத் தூக்கும். நாற்பத்தைந்து மீட்டர் ஆழத்திலிருந்தும் எடுக்கலாம். எத்தனையோ பேர் நாள் முழுக்க அடித்தாலும் தாங்குகிற மாதிரி செய்யப்பட்டது.

அந்தத் தெருவுக்கு ஊர் முழுக்கப் போய் நின்றது. வரிசையை ஒழுங்குபடுத்தியவர் அங்கிருந்த ஒரு அக்கா. என் மாணவன் ஒருவனின் அம்மா. "டீச்சர், ஆளுக்கு ரெண்டு குடந்தான். மறுபடி வேணும்னா மறுபடி வரிசைல நில்லுங்க. எல்லாருக்கும் வேணும்ல?" என்றார் என்னிடமும். விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கினால் ராத்திரி வரைக்கும் அந்தக் கைப்பிடி நிற்கவில்லை. நடுவில் ஒரு முறை தண்ணீர் ஏறாமல் போனபோது ஊரே கலங்கியது. அந்தத் தெரு ஆண்கள் இரண்டு பேர் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, வாஷரை மாற்றி, சாயங்காலத்துக்குள் திரும்ப இறக்கினார்கள். யாரும் கூலி கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். சில வீடுகள் வரவில்லை. ஜெனரேட்டருக்குக் கடன் வாங்கிக் கொடுத்தார்களே தவிர அந்தத் தெருவுக்குக் குடம் எடுத்துக்கொண்டு போகவில்லை. வேறு சிலர் வேலைக்காரப் பெண்ணை அனுப்பித் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். அத்தையும் ஆரம்பத்தில் வரவில்லை, என்னைத் தடுக்கவும் இல்லை. ஒரு நாள் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது ஒன்றும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார். அங்கே அவரோடு காலமெல்லாம் வயலில் நடவு நட்ட பெண்கள் இருந்தார்கள். "அம்மா, நீங்க ஏன் வந்தீங்க, சொல்லி அனுப்பினா நாங்க கொண்டாந்து தரமாட்டமா" என்று குடத்தை வாங்கி அவர்களே அடித்துக் கொடுத்தார்கள். அத்தை வரும் வழியெல்லாம் பேசவில்லை. எனக்கு அந்தக் கரிசனம் மனசைப் பிசைந்தது. வரிசையில் நிற்க வேண்டியவர் நின்றிருக்க வேண்டும், அடிக்க வேண்டியவர் அடித்திருக்க வேண்டும். தண்ணீர் கொடுக்கிற இடத்தில் இருந்தும் அவர்கள் ஏன் பணிவிடை செய்ய வேண்டும்? மறுநாள் அத்தை மறுபடியும் வந்தார். அன்றைக்குத் தானே அடித்தார்.

மின்சாரம் திரும்ப வந்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டதாகிவிடும். துணை மின்நிலையம், அங்கிருந்து 11 ஆயிரம் வோல்ட் லைன், டிரான்ஸ்பார்மர், பிறகு தெருக் கம்பம், கடைசியில் வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயர். இந்த வரிசையில் முதலிலிருந்து ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டு வர வேண்டும், நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது. அது கார்த்திகை. வயலெல்லாம் சம்பா நின்றது, முழங்கால் சேறு. கிரேன் இறங்காது. சிமெண்ட் கம்பத்தைக் கயிறு கட்டித் தோளில் தூக்கி, வரப்பில்லாத இடத்தில் சேற்றுக்குள்ளே நடந்து, கையால் குழி தோண்டி நட்டார்கள். மற்ற மாவட்டங்களிலிருந்தும், அந்த ஆகஸ்டில்தான் பெருவெள்ளத்தில் மூழ்கி எழுந்த கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தவர்கள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெண்கள் சமைத்துப் போட்டோம். வேலையில் உயிரை விட்டவர்களும் உண்டு என்று கேட்டபோது அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கரண்ட் வந்த அன்று சாயங்காலம் ஊரில் எல்லா மோட்டார்களும் ஒன்றாக ஓடின. டேங்குகள் நிரம்பி வழிந்தன. பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு நனைந்தார்கள், யாரும் திட்டவில்லை. மறுநாள் காலையில் காலனிப் பம்படியில் அந்தத் தெருக்காரர்கள் மட்டும் இருந்தார்கள். பள்ளிக்குப் போகும்போது பார்த்தேன். அக்கா கையாட்டினார். நின்று பேசினேன். "வாஷர் போச்சு டீச்சர், எல்லாரும் அடிச்சதுல. வாங்கணும்" என்றார். ஊரே அடித்துத் தேய்ந்த வாஷரை அந்தத் தெரு மட்டும் காசு போட்டு மாற்றியது. இது எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விஷயம்.

அடுத்த வருஷம் எங்கள் கொல்லையில் அடிபம்புக்கென்று தனியாக ஒரு போர் போட்டோம். "தோப்பே இல்லை, இப்ப இது தேவையா?" என்று என் கணவர் தயங்கினார். "இதுதான் தேவை" என்றார் அத்தை. அதற்கு மேல் பேச்சில்லை. வாரம் ஒரு முறை பிள்ளைகள் கட்டாயம் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் வாஷர் காய்ந்துவிடும்.

அதே 2019இல் பேராவூரணி பெரியகுளத்தைக் கைஃபா என்ற அமைப்பின் இளைஞர்கள் இறங்கித் தூர்வாரினார்கள். புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. குளம் நிறைந்தால் நிலத்தடி நீர் ஏறும். நீர் ஏறினால் கைப்பம்புக்கும் எட்டும்.

இது கடைமடைக்காரர்களின் கதை மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் சித்தி மகள் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருந்தாள். கீழே வெள்ளம், தரைத்தொட்டிக்குள் சாக்கடை கலந்த தண்ணீர், லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படகில் வந்த தண்ணீர் பாட்டில்களை நாலு மாடி தூக்கியிருக்கிறாள். அத்தனை குடும்பம் இருக்கிற கட்டடத்தில் கையால் அடிக்கிற பம்பு ஒன்றுகூட இல்லை. கட்டும்போதே ஒன்று வைக்க எவ்வளவு இடம் பிடிக்கும்?

மோட்டார் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தினமும் இருபத்திரண்டு குடம் சுமந்த தலைமுறையின் தோள்வலியை அத்தையிடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சூரிய சக்தியில் ஓடுகிற மோட்டார் வைத்தாலும் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு தெருவிலும் கையால் இயங்குகிற பம்பு ஒன்று, வேலை செய்கிற நிலையில், பொதுச் செலவில் இருக்க வேண்டும். பழுது பார்க்கிற பொறுப்பு அதை நம்பி வாழ்கிற ஏழைத் தெருவின் தலையில் மட்டும் விழக் கூடாது.

காலனிப் பம்பைக் கழற்றிவிட்டு அங்கேயும் மோட்டார் இறக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, அக்காவும் நானும் இன்னும் சில பெண்களும் அக்டோபர் 2 கிராமசபைக்குப் போனோம். மோட்டாருக்குத் தனிப் போர் போடுங்கள், இந்தப் பம்பைத் தொடாதீர்கள், எல்லாப் பம்புகளுக்கும் வருஷா வருஷம் புயல் மாதங்களுக்கு முன்னால் வாஷரும் சங்கிலியும் மாற்றுங்கள், அதற்கான செலவை ஊராட்சிக் கணக்கில் எழுதுங்கள் என்று கேட்டோம். "இன்னொரு கஜா வரவா போகுது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அத்தை எழுந்து, "எழுபத்தேழுலயும் இதைத்தான் சொன்னாங்க" என்றார். தீர்மானம் நிறைவேறியது. காலனிப் பம்புக்கும் கோயில் வாசல் பம்புக்கும் வேலை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பம்புக்குக் குழாயே ஓட்டையாகிவிட்டதாம், மாற்றப் பணம் ஒதுக்க வேண்டும் என்கிறார்கள். ஜனவரி 26 கூட்டத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம், கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.